ஆன்டிபயாடிக் சீட்டு கையில் வந்ததும்: டாக்டர் அறையிலிருந்து கடைசி வேளை வரை முழுமையான வழிகாட்டி

ஆன்டிபயாடிக்கால் வரும் சிக்கல்களில் பல, முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. டாக்டரிடம் சொல்லாமல் விட்ட சுகர் மாத்திரை, மருந்து தொடங்கிய மறுநாள் கொடுத்த யூரின் சாம்பிள், சிரப் பொடியைக் கலக்கும்போது பாட்டிலின் கோட்டைத் தாண்டி ஊற்றிய தண்ணீர் என்று எதை எடுத்தாலும் வரிசை மாறியதுதான் காரணமாக இருக்கும். அதனால் கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யுங்கள். இங்கே வரும் அளவுகள் விளக்குவதற்காக மட்டுமே. உங்களுக்கான அளவு உங்கள் சீட்டில் எழுதியிருப்பதுதான்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை: இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகளும் (சத்து மாத்திரை, கேஸ் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் உட்பட), முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதன் பெயர், குழந்தைக்கு என்றால் இந்த வாரம் பார்த்த எடை, அழியாத மை பேனா ஒன்று, 5 மி.லி. அல்லது 10 மி.லி. அளவு போட்ட வாய்வழி சிரிஞ்ச்.

1. டாக்டர் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்

"வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டால், "பிரஷருக்கு மட்டும்தான்" என்று பதில் வரும். மூட்டு வலி மாத்திரையும் கால்சியமும் மாத்திரைக் கணக்கிலேயே வராது. வாயால் சொல்வதைவிட அட்டைகளை ஒரு கவரில் போட்டு மேசை மேல் வைப்பது நல்லது. கீழே உள்ளவற்றை மட்டும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோய்க்குக் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கோ கோ-ட்ரைமாக்சசோலோ சேர்ந்தால் சுகர் திடீரென்று இறங்கலாம். காய்ச்சலில் சாப்பாடும் குறைந்திருக்கும் என்பதால் ஆபத்து கூடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே சர்க்கரை கரைத்துக் கொடுத்து, குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். மெட்ரோனிடசோலும் கோ-ட்ரைமாக்சசோலும் இவற்றின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். வேறு மருந்து இல்லை என்றால், தொடங்கிய சில நாட்களில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும்) பரிசோதனை எப்போது செய்ய வேண்டும் என்று தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதுகுப் பிடிப்புக்குக் கொடுக்கும் பல கூட்டு மாத்திரைகளில் டிசானிடின் இருக்கும். அதோடு சிப்ரோஃப்ளாக்சசின் சேரவே கூடாது. பிரஷர் விழுந்து மயக்கம் வரும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் சிக்கல்தான். கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாடின் எடுப்பவர்களுக்குக் கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் தசை பாதிக்கப்படலாம். அந்த நாட்களுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

வெளியே தெரியாதவை சில உண்டு. கர்ப்பம், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், தாய்ப்பால் கொடுப்பது, கிட்னி பாதிப்பு, வலிப்பு நோய், இதயத் துடிப்புக் கோளாறு, ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறைபாடு) இவையெல்லாம் மருந்தையோ அளவையோ மாற்றும். கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். பல ஆன்டிபயாடிக்குகள் கிட்னி வழியாகவே வெளியேறுகின்றன. கிட்னி மந்தமாக இருந்தால் வழக்கமான அளவே அதிகமாகிவிடும்.

கூடவே ஒரு கேள்வியையும் கேளுங்கள்: "இது பாக்டீரியாத் தொற்றா, வைரஸா?" சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸால் வருபவை. அங்கே ஆன்டிபயாடிக்கால் பலன் கிடையாது, பக்கவிளைவு மட்டும் உண்டு. கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல டாக்டர் காரணம் சொல்வார்.

2. டெஸ்ட் எழுதியிருந்தால் சாம்பிள் முதலில், மாத்திரை பிறகு

இந்த வரிசைதான் அதிகம் தவறுகிறது. நீர்க்கடுப்புக்கு யூரின் கல்ச்சரும் (சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) மாத்திரையும் ஒரே சீட்டில் இருக்கும். மெடிக்கல் ஷாப் வாசலிலேயே இருப்பதால் மாத்திரையைப் போட்டுவிட்டு, லேபுக்கு மறுநாள் காலை போவார்கள்.

ஒரு வேளை மருந்தே போதும், சிறுநீரில் உள்ள கிருமி லேபில் வளராமல் போக. ரிப்போர்ட்டில் "வளர்ச்சி இல்லை" என்று வரும், கிருமியோ உடம்பில் இருக்கும். முதல் மருந்து கேட்கவில்லை என்றால் அடுத்து எந்த மருந்து என்று காட்டும் ஒரே வழியையும் இழந்துவிடுவீர்கள். டைஃபாய்டு சந்தேகத்தில் எடுக்கும் பிளட் கல்ச்சருக்கும் இதே கதைதான்.

யூரின் எடுக்கும்போது உறுப்பைத் தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதைக் கழிவறையில் விட்டு, நடுவில் வருவதை லேப் கொடுத்த டப்பாவில் பிடியுங்கள். டப்பாவின் உள்பக்கம் விரல் படக்கூடாது. எடுத்த கையோடு லேபில் சேர்த்துவிடுங்கள். கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல், மயக்கம் போன்ற நிலையில் எது முதலில் என்பதை மருத்துவமனை முடிவு செய்யும்; சாம்பிளுக்காக வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

3. மெடிக்கல் ஷாப் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்

சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து மூன்றைப் பாருங்கள்: உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மி.கி., காலாவதி தேதி. கம்பெனிப் பெயர் மாறியிருக்கலாம், தவறில்லை. அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர் மாறக்கூடாது.

அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள பகுதி கடையிலேயே தங்கிவிடும். தேதி இருக்கும் பக்கத்தை உங்களுக்குத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் பில்லில் எழுதி வாங்குங்கள். அட்டையின் நீளவாக்கில் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து. செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின் போன்றவை விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எச்1 பட்டியலில் வருகின்றன. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, இவற்றை விற்கும்போது நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் விவரம் கேட்டால் எரிச்சல்படாமல் சொல்லுங்கள்.

"காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்டு, பேப்பர் பொட்டலத்தில் உதிரி மாத்திரை வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் ஒன்று ஆன்டிபயாடிக்காக இருந்தால், ஒவ்வாமை வந்தபின் மருத்துவமனையில் எதைச் சாப்பிட்டோம் என்று சொல்லக்கூட வழியில்லை. பெயரில்லாத மாத்திரையை வாங்காதீர்கள்.

அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம் வாங்குபவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 625 என்பது 500 மி.கி. அமாக்சிசிலினும் 125 மி.கி. கிளாவுலானிக் அமிலமும். 375 என்பது 250-ம் அதே 125-ம். 625 ஸ்டாக் இல்லை என்று இரண்டு 375 கொடுத்தால் அமாக்சிசிலின் சரியாக வரும், கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகிவிடும். வயிற்றுப்போக்கைத் தூண்டுவதில் அதற்குத்தான் பெரிய பங்கு. சிரப்பில் கணக்கு வேறு மாதிரி தவறும்: 5 மி.லி.யில் 228.5 மி.கி. உள்ளதும் 457 மி.கி. உள்ளதும் ஒரே மாதிரிப் பெட்டியில் வரும். எழுதியது முதலாவது, கொடுத்தது இரண்டாவது என்றால் குழந்தைக்கு ஒவ்வொரு வேளையும் இரண்டு மடங்கு போகும். சின்னக் குழந்தைகளுக்கான டிராப்ஸ், சிரப்பைவிடச் செறிவானது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே மி.லி. அளவில் கொடுக்கக் கூடாது.

4. குழந்தைக்கான ட்ரை சிரப்பைக் கலக்கும் முறை

பாட்டிலில் பொடியாக வரும் மருந்து தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து வீரியம் இழக்கத் தொடங்குகிறது. பொடியாக விற்பதே அதனால்தான். பெட்டியில் உள்ள காலாவதி தேதி பொடிக்கு மட்டுமே, கலக்கிய மருந்துக்கு இல்லை.

முதலில் எத்தனை பாட்டில் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். 5 மி.லி. வீதம் இரண்டு வேளை, 5 நாள் என்றால் 50 மி.லி. வேண்டும். 30 மி.லி. பாட்டில் ஒன்று மூன்று நாளில் தீர்ந்துவிடும், அதனால் இரண்டு பாட்டில் தேவை. இரண்டையும் ஒரே நாளில் வாங்குங்கள், ஆனால் முதல் பாட்டில் தீர்ந்த பிறகே இரண்டாவதைக் கலக்குங்கள்.

கலக்கும் முன் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுங்கள். அடியில் இறுகிய பொடி உதிராவிட்டால் தண்ணீர் ஊற்றியதும் கட்டியாகி ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் காய்ச்சி, முழுதாக ஆறியதாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தாலே மருந்தின் வீரியம் கெடலாம். பெட்டிக்குள் சிறு பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் கொடுத்திருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

கோடு வரை ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். முதலில் பாதியளவு ஊற்றி மூடி, பொடி முழுக்க நனையும்படி நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்கும் வரை பாட்டிலை மேசையில் வையுங்கள். நுரையோடு பார்த்தால் மட்டம் உயர்ந்து தெரியும், தண்ணீர் குறைந்துவிடும், மருந்து கெட்டியாகும். நுரை அடங்கியதும் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, லேபிளில் உள்ள கோட்டைத் தொடும் வரை மீதியை ஊற்றி, மறுபடி குலுக்குங்கள். குலுக்கியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தக் குறையை மட்டும் நிரப்புங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் கொட்டிச் சரிசெய்ய முடியாது. புதுப் பாட்டில் வாங்குவதுதான் வழி.

உடனே பேனாவால் லேபிளில் கலக்கிய தேதியும் கொட்ட வேண்டிய தேதியும் எழுதுங்கள். அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம் கலந்த சிரப் ஃபிரிட்ஜில் 7 நாள்தான் தாங்கும். கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் கூடாது. எல்லா சிரப்பும் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும் என்பதும் தவறு. கிளாரித்ரோமைசின் சிரப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் கெட்டியாகி, கசப்பும் ஏறி, குழந்தை துப்பிவிடும். லேபிளில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள்.

ஒவ்வொரு வேளையும் குலுக்கிய பிறகே எடுக்க வேண்டும். மருந்து அடியில் படிந்துவிடுவதால், குலுக்காமல் கொடுத்தால் முதல் நாட்களில் தண்ணீரும் கடைசி நாளில் அளவுக்கு மீறிய மருந்தும் போகும். வீட்டு ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு பிடிக்கும். சிரிஞ்சில் எடுத்து, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். படுக்க வைத்து மூக்கைப் பிடித்துப் புகட்டினால் புரை ஏறும். பாலாடையில் கொடுத்துப் பழகியவர்கள் சிரிஞ்சில் அளந்து பாலாடையில் விட்டுக் கொடுக்கலாம், ஆனால் அடியில் ஒட்டியதைச் சிறிது தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுத்துவிட வேண்டும். பால் பாட்டிலில் கலந்தால், குழந்தை பாதியில் நிறுத்தும்போது எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

5. நேரம் குறிப்பது

சீட்டில் 1-0-1 என்றால் 12 மணி நேர இடைவெளி, 1-1-1 என்றால் 8 மணி நேரம். காலை, மதியம், இரவுச் சாப்பாட்டோடு சேர்த்தால் எட்டு, ஒன்று, ஒன்பது என்று போய், இரவில் 11 மணி நேரம் மருந்தில்லாமல் கழியும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று அலாரம் வையுங்கள்.

காரணம் இதுதான். அமாக்சிசிலின் ரத்தத்தில் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கிருமியை அடக்கும் அளவுக்கு மேல் மருந்து எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதில்தான் அதன் வேலை இருக்கிறது. அசித்ரோமைசின் இதற்கு நேர் எதிர். உடம்பில் நாள் கணக்கில் தங்கும் என்பதால்தான் ஒரு நாளைக்கு ஒன்று, மூன்று அல்லது ஐந்து நாள் என்று எழுதுகிறார்கள். "அவருக்கு மூணு மாத்திரையில சரியாயிடுச்சே" என்று வேறு மருந்தை மூன்று நாளில் நிறுத்துவது இதனால்தான் பொருந்தாது.

6. எதனோடு விழுங்குவது

அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலத்தைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு எடுத்தால் குமட்டல் குறையும். மெட்ரோனிடசோல் சாப்பாட்டோடு. கிளாக்சசிலின் வெறும் வயிற்றில், அதாவது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ.

சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடும் தயிரோடும் விழுங்கக் கூடாது. கால்சியம், இரும்புச்சத்து, துத்தநாக மாத்திரைகளும் அசிடிட்டிக்குக் குடிக்கும் ஜெல் மருந்தும் அதோடு குடலிலேயே ஒட்டிக்கொள்ளும், ரத்தத்துக்குள் போகாது. இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சிப்ரோஃப்ளாக்சசினை எடுக்க வேண்டும். டாக்ஸிசைக்ளினுக்கு இரும்புச்சத்து இன்னும் மோசமான எதிரி. அந்தச் சில நாட்களுக்குச் சத்து மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டுவிடுங்கள்.

உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் டாக்ஸிசைக்ளின் அதிகம் எழுதப்படுகிறது. அதை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே படுத்தால் கேப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். எச்சில் விழுங்கினாலே நெஞ்சு எரியும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள். இந்த மருந்து எடுக்கும் நாட்களில் வெயிலில் தோல் சீக்கிரம் வெந்துபோகும். வயல் வேலைக்குப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் இல்லாமல் போக வேண்டாம்.

மெட்ரோனிடசோல், டினிடசோல் எடுக்கும்போதும் முடிந்த பிறகு மூன்று நாளும் மது கூடாது. முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரலாம். குடிக்காதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் ஊறலின்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது, லேபிளிலேயே போட்டிருப்பார்கள். பிரசவமான வீட்டில் இந்த மாத்திரையும் அரிஷ்டமும் ஒரே நேரத்தில் ஓடுவது உண்டு.

7. வேளை தவறினால், வாந்தி எடுத்தால்

நினைவு வந்ததும் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடுவது வேண்டாம்.

மருந்து கொடுத்து அரை மணி நேரத்துக்குள் குழந்தை வாந்தி எடுத்தால், பொதுவாக அந்த வேளையைத் திரும்பக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு என்றால் வேண்டாம். இரண்டு வேளை தொடர்ந்து வாந்தி என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

8. எது சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்

லேசான குமட்டல், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போவது, மெட்ரோனிடசோலால் வாயில் உலோகச் சுவை, நைட்ரோஃப்யூரன்டாயினால் சிறுநீர் அடர் மஞ்சளாவது இவற்றுக்காக மருந்தை நிறுத்த வேண்டாம். வாயில் வெள்ளைப் படலம், பெண்ணுறுப்பில் அரிப்பு வந்தால் பூஞ்சைத் தொற்று. அதற்கு வைத்தியம் எளிது, சொன்னால் போதும்.

உடம்பெங்கும் தடித்தல், உதடோ முகமோ வீங்குதல், மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் அடுத்த வேளையைப் பற்றி யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. இந்த வகை ஒவ்வாமை பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வரும். ஊசியாகப் போட்டால் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்காரச் சொல்வது அதற்காகத்தான். "டெஸ்ட் டோஸ் போட்டாச்சே" என்று கிளம்பிவிடாதீர்கள், டெஸ்ட் டோஸ் ஒவ்வாமையை முழுதாகக் கண்டுபிடிக்காது.

காய்ச்சலோடு தோலில் கொப்புளம், வாயிலும் கண்ணிலும் புண், தோல் உரிதல் ஆகியவை சில நாள் கழித்தும் வரலாம். மருந்தை நிறுத்திவிட்டு அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகையில் குதிகால் தசைநார் இழுத்து வலித்தால் அதையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். தசைநார் அறுந்துபோக வாய்ப்புண்டு, 60 வயது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் கூடுதலாக.

நாள் முழுக்கத் தண்ணீராகப் போவது, ரத்தம் கலந்து போவது, வயிற்று வலியோடு காய்ச்சல் என்றால், மருந்து முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தாலும், டாக்டரிடம் "ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன்" என்று சொல்லுங்கள். நல்ல கிருமிகள் அழிந்த குடலில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகியிருக்கலாம். போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையை நீங்களாகப் போட்டால் அந்தக் கிருமி விடும் விஷம் உள்ளேயே தங்கிவிடும். ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டே கிளம்புங்கள்.

ஒத்துக்கொள்ளாமல் போனால் "பென்சிலின் அலர்ஜி" என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். மருந்தின் பெயர், எத்தனையாவது வேளை, எத்தனை மணி நேரம் கழித்து, என்ன ஆனது, தடிப்பின் போட்டோ எல்லாம் வேண்டும். அலர்ஜி என்று முத்திரை குத்தப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருப்பதில்லை. குறிப்பு இல்லாததால் அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க வீரியம் கூடிய வேறு மருந்தே எழுதப்படும். இந்தியாவில் பக்கவிளைவை நீங்களே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம்.

9. எப்போது நிறுத்துவது

பல தொற்றுகளில் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சலோ வலியோ குறையத் தொடங்கும். குறையவில்லை என்றால் அதே டாக்டரிடம் அட்டையோடு போங்கள். இடையில் வேறு ஒருவரிடம் போய் இன்னொரு ஆன்டிபயாடிக் வாங்கிச் சேர்த்தால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று இருவருக்குமே தெரியாது.

நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்; இன்னும் இரண்டு நாள் சேர்த்துப் போடுவோம் என்று நீட்டவும் செய்யாதீர்கள். இன்று பல தொற்றுகளுக்கு முன்பைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று தெரிந்திருக்கிறது. சீக்கிரம் சரியாகிவிட்டால் "குறைக்கலாமா?" என்று போன் செய்து கேட்கலாம்.

10. மிச்சமானதை என்ன செய்வது

அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க வேண்டாம். இரண்டு மாத்திரை எந்தத் தொற்றையும் முழுதாகத் தீர்க்காது, தாங்கும் கிருமியை மட்டும் மிச்சம் வைக்கும்.

சிங்க்கில் கொட்டினால் சாக்கடை வழியாக ஏரிக்கும் ஆற்றுக்கும் போய், அங்குள்ள கிருமிகளுக்கு அந்த மருந்தைப் பழக்கிவிடும். சிரப்பை ஒரு கவரில் டீத்தூள் சக்கையோடோ மண்ணோடோ கலந்து கட்டுங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து எடுத்து அதே மாதிரிச் செய்யுங்கள், குழந்தையோ நாயோ பிரித்துச் சாப்பிடாது. காலாவதியான மருந்தை வீட்டுக் குப்பையில் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். மக்கும் குப்பையில் போடாமல் தூய்மைப் பணியாளரிடம் தனியாக, என்ன என்று சொல்லிக் கொடுங்கள்.